அடுத்தவர் முதுகெலும்பின் காவலர்

முதுகெலும்பு உள்ள பிராணி, முதுகெலும்பு இல்லாத பிராணி என்று உலகத்தில் இரண்டே வகைதான் என்று பள்ளிக்கூடத்தில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பாவம், அந்த வாத்தியாருக்கு வெளியுலகம் தெரியாது. மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. தன் முதுகெலும்பை ஒரு ஓரமாகக் கிடக்க விட்டுவிட்டு, அடுத்தவர் முதுகெலும்பைக் காப்பாற்றியே உயிர் வாழ்கிற பிராணி அது.

நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்கள். பேருந்துக்குக் காத்து நிற்கும்போது, குனிந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருக்கிற உங்கள் தோளை முன்பின் தெரியாத ஒரு விரல் தட்டும். "ஃபோன கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிங்க. கழுத்து போயிடும்" என்று ஒரு குரல் வரும். யாரய்யா நீ, என் கழுத்துக்கும் உனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பதற்குள் அந்த விரல் அடுத்த தோளுக்குப் போயிருக்கும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட இந்த இனம் சும்மா இருக்காது. மூலையில் சுருண்டு அழுகிறவளைப் பார்த்து, "அழும்மா, நல்லா அழு. ஆனா சுவத்துல சாஞ்சு, நிமிந்து உக்காந்து அழு" என்று சொல்லிவிட்டு வரும். ஆறுதல் சொன்ன திருப்தியோடு வரும் என்பதுதான் இதில் விசேஷம்.

யாரும் பிறக்கும்போதே இப்படிப் பிறப்பதில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இடுப்பு பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அது விட வேண்டும். வலித்தபோது உலகத்தில் தன்னைத் தவிர வேறு யாருமே இல்லை என்று கத்தியவர், வலி விட்டதும் உலகத்துக்கே தான்தான் பொறுப்பு என்று கிளம்பிவிடுவார்.

நம்முடைய ஆளையே எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீர் அலுவலகத்தில் பதிவேட்டுப் பிரிவுக்குக் கண்காணிப்பாளர். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். ஒரு நாள் காலை, மேஜைக்கு அடியில் விழுந்த பேனா மூடியை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் குனிந்தவர்தான். மூடி கைக்கு வந்துவிட்டது, மனிதர் மேலே வரவில்லை. பதிவேட்டுக் கட்டுகளைத் தூக்குகிற ஊழியரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து, அவரை வளைந்த வாக்கிலேயே வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். "ஐயோ, மெதுவா! அப்பா, மெதுவா!" என்று அவர் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்த நிர்வாகப் பொறியாளரே கீழே இறங்கி வந்து பார்த்தார். அவர் இறங்கி வந்தது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

போன இடத்தின் பெயர்ப்பலகையில் கைரோபிராக்டர் என்று போட்டிருந்தது. அந்தச் சொல் வீட்டில் யார் வாயிலும் நுழையாததால் அவர் மனைவி அதற்கு 'சொடக்கு டாக்டர்' என்று பெயர் வைத்தார். டாக்டர் அம்மா அதிகம் பேசாதவர். முகம் வைப்பதற்கு ஓட்டை போட்ட ஒரு படுக்கையில் இவரைக் குப்புறப் போட்டார். இடுப்பில் இரண்டு இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். ஒரு அழுத்து. 'சொடக்'. செத்தேன் என்று நினைத்தவர் ஐந்து நிமிஷத்தில் எழுந்து நின்றார்.

"என் வேலை இந்த அஞ்சு நிமிஷம்தான்" என்றார் டாக்டர். "மிச்சம் இருபத்து மூணு மணி அம்பத்தஞ்சு நிமிஷம் உங்க வேலை." சொல்லிவிட்டு ஒரு தாளை நீட்டினார். முன்பக்கம் தினசரிப் பழக்கங்கள்: அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நட, தண்ணீர் குடி, உயரமான தலையணை வேண்டாம், பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைத்து அதன்மேல் உட்காராதே, கனமான பொருளை இடுப்பை வளைத்துத் தூக்காமல் முட்டியை மடக்கித் தூக்கு. பின்பக்கம் ஐந்து பயிற்சிகள், நாற்பத்திரண்டு நாளுக்கான கட்டங்கள். செய்ததும் கட்டத்தில் டிக் போட வேண்டும்.

"முதுகு சரியானதும் என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

யாரும் இதுவரை அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. "பேத்திய தூக்கணும்" என்றார். மகள் வெகுதூரத்தில் இருக்கிறாள். குழந்தை பிறந்து பத்து மாதம். துணிப்பொட்டலத்தில் பார்த்ததுதான், அப்புறம் எல்லாம் கைப்பேசித் திரையில்தான். சரியாக ஆறு வாரத்தில் வருகிறார்கள். வந்தால் பேத்தியைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னல் வழியாகத் தெருவைக் காட்ட வேண்டும், ஒவ்வொரு வண்டியாகப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். இவ்வளவுதான் மனிதரின் ஆசை. பெரிய ஆசை இல்லை, ஆனால் அவருக்கு அதைவிடப் பெரிதாக வேறு எதுவும் இல்லை.

டாக்டர் தாளின் தலைப்பில் 'பேத்தியைத் தூக்க வேண்டும்' என்று எழுதினார். "குழந்தை எட்டு ஒன்பது கிலோ இருக்கும். இதெல்லாம் தினம் செஞ்சா நீங்க தாராளமா தூக்கலாம். செய்யலேன்னா நின்னுக்கிட்டு தூக்கவே கூடாது. நாப்பத்திரெண்டாம் நாள் வாங்க, பாத்துட்டு சொல்றேன்."

தாளை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தார். மறுநாள் முதல் வேலையாகப் பயிற்சியை ஆரம்பித்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? முதல் வேலையாக நாற்பது ஜெராக்ஸ் எடுத்தார்.

மேஜைக்கு ஒன்று ஒட்டினார். தண்ணீர் கேனுக்கு மேலே ஒன்று. கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒன்று, ஏனென்றால் அங்கேதான் ஆள் அவசரமில்லாமல் படிப்பான். காலை பதினொரு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் பதிவேட்டு அறையில், இரும்பு அலமாரிகளுக்கு நடுவில், பிரிவு முழுவதும் வரிசையாக நிற்க வேண்டும். அவர் முன்னால் நாற்காலி போட்டு உட்காருவார். கால்மேல் கால். பின்பாக்கெட்டில் பர்ஸ், பழைய ரசீதும் விசிட்டிங் கார்டும் அடைத்து ஒரு செங்கல் கனம். உடம்பு அந்தப் பக்கமாக ஒரு சாய்வு. அந்தச் சாய்விலிருந்து எண்ணுவார்.

"ஒண்ணு... மெதுவா... ரெண்டு... டைப்பிஸ்ட் அம்மா, முட்டி மடங்குது... மூணு... யாருப்பா அங்க சிரிக்கிறது? இன்னிக்கு சிரிப்பீங்க, அறுபது வயசுல அழுவீங்க... நாலு..."

எண்ணி முடித்ததும் சட்டைப்பையிலிருந்து தன் தாளை எடுப்பார். தன் கட்டத்தில் ஒரு டிக் போடுவார். பக்கத்தில் சுருக்கொப்பம்.

என்ன அநியாயம் என்று நீங்கள் கொதிக்க வேண்டாம். மனிதர் பொய்யர் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். முப்பத்தோரு வருஷமாக அவர் பார்த்த வேலை அப்படி. பதிவேட்டை எழுதுவது எழுத்தர். கூட்டிப் பார்ப்பது உதவியாளர். தூக்கி வைப்பது ஊழியர். கடைசியில் கையெழுத்து இவருடையது, வேலையும் இவருடையது. 'நீங்களா எழுதினீர்கள்?' என்று எந்த மேலதிகாரியும் கேட்டதில்லை. தன் முன்னிலையில், தன் உத்தரவின்பேரில், தன் மேற்பார்வையில் ஒழுங்காக நடந்த ஒரு காரியத்தைத் தான் செய்யவில்லை என்று சொல்வது எப்படி? அந்தச் சந்தேகமே அவருக்கு வரவில்லை. எண்ணி எண்ணித் தொண்டை வறண்டுதானே வீட்டுக்குப் போகிறார்?

வீட்டிலும் விடுதலை இல்லை. மனைவியின் தலையணை நான்கு விரல் உயரம் கூடுதல் என்று கண்டுபிடித்துப் பிடுங்கினார். மனைவிக்கு ஒரு மெல்லிய தலையணை கொடுத்தார். பிடுங்கிய தலையணை என்ன ஆனது? நல்ல சாமான் வீணாகக் கூடாதே என்று தன் தலையணைக்கு மேலேயே போட்டுக்கொண்டார். அந்த இரட்டைத் தலையணையில் தலை வைத்து சோபாவில் படுத்தபடி, தினமும் காலையில் மனைவிக்குப் பயிற்சி எண்ணினார். தாளில் அதற்கும் ஒரு டிக்.

நாலாவது வாரம் மனைவி கேட்டேவிட்டார். "என்னங்க, நீங்க ஒரு நாளாவது இதை செஞ்சீங்களா?"

"செய்ய வைக்கிறது யாரு? நான்தானே?"

"செய்ய வச்சா உங்க முதுகுக்கு எப்படிங்க சரியாகும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமா?"

"நீ முதல்ல நிமிந்து நின்னு பேசு. பேசும்போது தோள் தொங்குது பாரு."

அந்த அம்மாள் நிமிர்ந்து நின்றார். நிமிர்ந்து நின்று பார்த்ததில் கணவரின் தாள் நன்றாகத் தெரிந்தது. ஒரு கட்டம்கூட விடாமல் டிக். மேலே 'பேத்தியைத் தூக்க வேண்டும்'. அந்த வரியைப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பு இல்லை. டைப்பிஸ்ட் அம்மாவுக்கு ஏழு வருஷமாக இருந்த தோள்வலி மூன்றே வாரத்தில் குறைந்தது. கட்டுத் தூக்குகிற ஊழியர் முட்டியை மடக்கித் தூக்கக் கற்றுக்கொண்டு, இப்போதெல்லாம் சாயங்காலம் நொண்டாமல் போகிறார். "சார் புண்ணியத்துல தூக்கம் வருது சார்" என்று ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். மனைவியோ பாத்திரம் கழுவும்போது பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார். இத்தனை பேர் குணமானதைப் பார்க்கப் பார்க்க, தானும் குணமாகிவிட்டதாக நம் ஆளுக்கு நல்ல நம்பிக்கை வந்துவிட்டது. நடுவே இடுப்பில் சுருக் சுருக் என்று குத்தும். வாய்வு என்பார். தைலம் தேய்த்துக்கொள்வார். தேய்த்துக்கொண்டே, "நீங்க எல்லாம் தைலத்தை நம்பிக்கிட்டு இருக்காதீங்க, பயிற்சிதான் முக்கியம்" என்று பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வார்.

நாற்பத்திரண்டாம் நாள் வந்தது. சாயங்காலம் மகள் வருகிறாள். காலையில் மனைவியோடு டாக்டரிடம் போனார். மடிப்புக் கலையாத சட்டை, வழித்த முகம், கையில் தாள். தேர்வில் முதலிடம் வந்த பிள்ளையின் முகக்களை.

டாக்டர் தாளைப் பார்த்தார். "பரவாயில்லையே. ஒரு நாள்கூட விடல."

"விடுவேனா டாக்டர்? ஞாயித்துக்கிழமைகூட விடல."

"சரி, ரெண்டாவது பயிற்சி செஞ்சு காட்டுங்க."

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். "காட்டும்மா" என்றார்.

சத்தியமாக, கொஞ்சம்கூட வஞ்சனையில்லாமல் சொன்னார். கோப்பு கேட்டால் எழுத்தரைப் பார்க்கிற அதே பார்வை. அந்த அம்மாளும் ஆறு வாரப் பழக்கத்தில், கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, பாய்மேல் படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்கினார். இவர் பக்கத்தில் நின்று எண்ணினார். டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மாவுக்கு முதுகு ரொம்ப நல்லா இருக்கு. இப்ப உங்களுடையதைக் காட்டுங்க."

அவர் படுத்தார். படுப்பதற்கே இரண்டு தடவை முனகினார். இடுப்பைத் தூக்கப் பார்த்தார். அரை ஜாண் எழுந்தது. பிறகு எழவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. மனைவி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் அவரைத் திருப்பிப் போட்டு முதுகைத் தொட்டுப் பார்த்தார். பின்பாக்கெட்டில் கை இடித்தது. பர்ஸை உருவி, தாளின்மேல் வைத்தார்.

"ஆறு வாரத்துக்கு முன்னாடி இருந்ததைவிட இறுக்கமா இருக்கு சார். ஒரு நாள்கூட செய்யலையா?"

"தினம் ரெண்டு வேளை நடத்தினேன் டாக்டர்" என்றார் அவர். குரல் கீழே போயிருந்தது. "பதினாலு பேருக்கு. வீட்டோட சேத்து பதினஞ்சு."

டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "உக்காந்துக்கிட்டு மடியில வச்சுக்கலாம். தூக்கிக்கிட்டு எழுந்திரிக்கக் கூடாது. நடக்கக் கூடாது. இன்னும் ஆறு வாரம்."

"அவங்க பத்து நாள்ல போயிடுவாங்க டாக்டர்."

டாக்டர் ஒரு புதுத் தாளை எடுத்து நீட்டினார்.

சாயங்காலம் வாசலில் வண்டி நின்றது. மகள் இறங்கினாள், மாப்பிள்ளை இறங்கினார், பெட்டிகள் இறங்கின. கூடத்தில் விரிப்புப் போட்டுக் குழந்தையை உட்கார வைத்தாள். அவர் இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். கண் பழக்கதோஷத்தில் கழுத்துக்குப் போனது. கழுத்து தோளுக்கு நேராக இருந்தது. முதுகு நூல் பிடித்த மாதிரி இருந்தது. தோள் தொங்கவில்லை, தாடை முன்னால் நீட்டவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாரும் எண்ணாமல், ஒரு வயதுகூட நிறையாத குழந்தை அப்படி உட்கார்ந்திருந்தது. ஆறு வாரத்தில் முதல் தடவையாக அவர் வாய்க்கு வேலை இல்லை.

குழந்தை அவரை ஏற இறங்கப் பார்த்தது. திரையில் பார்த்த முகம்தான் என்று முடிவு செய்துகொண்டது போலும். சிரித்தது. இரண்டு கையையும் மேலே தூக்கியது.

"அப்பா, உன்கிட்ட வரேங்குதுப்பா! தூக்குப்பா!" என்றாள் மகள். அவளுக்குக் காலையில் நடந்தது தெரியாது.

அவருடைய கை தானாக முன்னால் போனது. இடுப்பு தடுத்தது. ஊருக்கே சொல்லிக்கொடுத்தவருக்கு அந்தக் கணத்தில் எல்லாப் பாடமும் வரிசையாக ஞாபகம் வந்தது: முட்டியை மடக்கு, பாரத்தை மார்போடு சேர், இடுப்பைத் திருப்பாதே. ஒன்றையும் செய்ய முடியவில்லை. குழந்தையின் கை இன்னும் மேலேயே இருந்தது. அவர் மனைவியைப் பார்த்தார்.

"தூக்கும்மா" என்றார்.

மனைவி ஒரு முட்டியைத் தரையில் ஊன்றினார். குழந்தையை மார்போடு சேர்த்தார். முதுகு வளையாமல், முனகாமல் எழுந்து நின்றார். அச்சு அசல் அவர் சொல்லிக்கொடுத்தபடி.

"அம்மா, எவ்ளோ லேசா தூக்கிட்ட! போன வருஷம் ஒரு குடம் தூக்க அந்தப் பாடு படுவியே?"

"அப்பா சொல்லிக்குடுத்ததுடி" என்றார் அந்த அம்மாள். குத்திக்காட்டவில்லை, பெருமையாகவே சொன்னார். அதுதான் அவரைக் கொன்றது. அறையில் யாரும் இல்லாமல் இருந்திருந்தால் வாய்விட்டு அழுதிருப்பார்.

அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் குழந்தையை மடியில் கொடுத்தார்கள். இரண்டு நிமிஷம் அது அவருடைய சட்டைப் பொத்தானைத் திருகி விளையாடியது. அப்புறம் வெளியே ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது. குழந்தை ஜன்னலைக் காட்டித் துள்ளியது, போகலாம் என்று காலை உதைத்தது. ஜன்னல் ஐந்தடி தூரத்தில்தான் இருந்தது. அவர் எழவில்லை. குழந்தை அவர் முகத்தைப் பார்த்தது, ஜன்னலைப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கி அழுதது. மாப்பிள்ளை வந்து வாங்கிக்கொண்டு போய்த் தெருவைக் காட்டினார். ஒரு வண்டியின் பெயர்கூட அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எல்லாவற்றையும் 'டுர்ர் டுர்ர்' என்றார். நம் ஆள் நாற்காலியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கூடத்தில் பாய் விரித்திருந்தது. அதன்மேல் கண்காணிப்பாளர் மல்லாந்து கிடந்தார். சோபாவில் தாளும் பேனாவுமாக மனைவி. புதுத் தாளின் தலைப்பில் கண்காணிப்பாளரே தன் கையால் பழைய வாக்கியத்தை எழுதியிருந்தார்.

"ஒண்ணு" என்றார் மனைவி.

அரை ஜாண் எழுந்தது.

"ரெண்டு... மெதுவா... மூணு."

"அம்மாடி! மூணு ஆச்சு, டிக் போட்டுடு."

"அஞ்சு செஞ்சாத்தாங்க டிக்."

"நான் பாட்டுக்குப் படுத்துக்கறேன், நீ போடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"பேத்திக்குத் தெரியும். நாலு."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நாலாவதைத் தூக்கினார். ஐந்தாவதையும் எப்படியோ தூக்கிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். குழந்தை தவழ்ந்து வந்து பாயின் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, மேற்பார்வை பார்த்தது. ஆறு வாரம் கழித்து அவரே பெட்டி கட்டிக்கொண்டு பேத்தி ஊருக்குப் போவதாக ஏற்பாடு. போவார் என்றுதான் எனக்கும் படுகிறது. அந்த முதல் டிக்கைப் போட மனைவி பேனாவைத் திறந்தார். அவர் திருந்திவிட்டார் என்று நானும் கதையை முடித்திருப்பேன்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை கைப்பேசியைப் பார்த்தபடி வந்து நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். பாயில் கிடந்தவரின் தலை மட்டும் மெல்லத் திரும்பியது.

"மாப்பிள்ளை... கழுத்து" என்றது.

சரி, அவர் கிடக்கட்டும். நீங்கள் சொல்லுங்கள். 'நிமிர்ந்து' என்ற சொல் இதில் எத்தனையோ தடவை வந்தது. அப்போதெல்லாம் என்ன செய்தீர்கள்? சத்தமில்லாமல் உங்கள் முதுகைக் கொஞ்சம் நேராக்கிக்கொண்டீர்கள் என்றால் பயமே இல்லை, நீங்கள் எங்களைப் போல ஒரு சாதாரண முதுகுவலிக்காரர். அப்படியில்லாமல், தலையை எடுத்து, அந்த மூலையில் கூன் போட்டு உட்கார்ந்திருக்கிற வீட்டு மனிதரை ஒரு பார்வை பார்த்து, 'இதை இவங்க அவசியம் படிக்கணும்' என்று நினைத்தீர்களா? நினைத்தீர்கள் என்றால், நாலு ஜெராக்ஸ் எடுக்கக் கிளம்புவதற்கு முன்னால், எதற்கும் ஒரு தடவை உங்கள் பின்பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.